கும்மிடிப்பூண்டியில் சம்பந்தம் பேசப் போனோம்

ஒரு வீட்டில் படிப்பு முடித்த பையன் ஒருவன் இருந்தால், அவன் என்ன வேலைக்குப் போக வேண்டும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். பால் ஊற்ற வருகிறவருக்குத் தெரியும், முடி வெட்டுகிறவருக்குத் தெரியும். தெரியாத ஒரே ஆள் அந்தப் பையன்தான். எழுபதுகளில் திருப்பாச்சூரில் அந்தப் பையனாக இருந்தவன் உங்கள் அப்பன்.

இப்போது நம் வீட்டில் பெரியவளுக்கு வேலை தேடும் படலம் நடக்கிறது. ஆளாளுக்கு யோசனை சொல்லி அவளைப் படுத்துகிறோம். அதனால்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு நன்றாகச் சிரியுங்கள், பிள்ளைகளே. ஆனால் உங்கள் தாத்தா படத்துக்கு முன்னால் நின்று சிரிக்காதீர்கள். அவருக்கு இன்றைக்கும் அந்தக் கம்பெனிமேல் கோபம் இருக்கும்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். ஏன் ஃபிட்டர் என்று என்னைக் கேட்காதீர்கள். என் தாய்மாமன் கஜேந்திரன் சொன்னார், படித்தேன். மாமா சைக்கிள் கடை வைத்திருந்தார். இரும்பைப் பற்றி அவர் ஒன்று சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் அதற்கு அப்பீல் கிடையாது.

நைனாவுக்கு (என் அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரே ஆசைதான். ஏரித் தண்ணீரை நம்பி நெல் வைத்து நொந்துபோன மனுஷர். பையனாவது மாசம் பொறந்தால் சம்பளம் என்று நிம்மதியாக இருக்க வேண்டும், அந்த வேலை ஆயுசுக்கும் நிலைக்க வேண்டும். அந்தச் சமயத்தில்தான் கும்மிடிப்பூண்டியில் புதுசு புதுசாகக் கம்பெனிகள் முளைத்தன. பம்பு செய்கிற கம்பெனி ஒன்றிலிருந்து எனக்கு நேரில் வரச் சொல்லி அழைப்பு வந்தது. எடுக்கப்போவது ஒரே ஒரு ஃபிட்டர்.

மாமா தாடையைத் தடவிக்கொண்டு நைனாவிடம் சொன்னார். “புதுக் கம்பெனியாச்சே. நாளைக்கே இழுத்து மூடிக்கினு போய்ட்டான்னா இன்னா பண்றது?”

நைனா அதற்கு ஒரு வழி சொன்னார். “ஒரு பொண்ணைக் குடுக்கணும்னா அந்த ஊட்டைப் போய்ப் பாக்கறோம் இல்ல? புள்ளைய ஆயுசுக்கும் குடுக்கப் போறோம். பாக்காமயா குடுப்பாங்க?”

(இன்றைக்கு யோசித்தாலும் இதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.)

ஆக, வேலைக்கான பரீட்சைக்கு நாங்கள் நாலு பேர் கிளம்பினோம். நான், நைனா, அம்மா, மாமா. திருவள்ளூரில் பஸ் ஏறி, பெரியபாளையத்தில் மாறி, கவரப்பேட்டை வழியாகப் போய்ச் சேர்ந்தோம். அம்மா மடியில் துண்டு போட்டு மூடிய ஒரு தாம்பாளம். வழியில் சாப்பிட நாஷ்டாவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கம்பெனி கேட்டில் இறங்கித் துண்டை எடுத்த பிறகுதான் பார்த்தேன். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், கல்கண்டு, பூ.

“அம்மா, இது எதுக்கும்மா?”

“வெறுங்கையோட போவ சொல்றியா? மரியாதியா இருக்குமா?”

வாட்ச்மேன் தாம்பாளத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். “இன்னாங்க, உள்ள எதுனா பூஜையா? எனுக்கு யாரும் சொல்லலியே?”

“நாங்க பையன் ஊட்டுக்காரங்க,” என்றார் அம்மா. அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு வாட்ச்மேன் கேட்டை இரண்டு பக்கமும் திறந்துவிட்டார். லாரிக்குத் திறக்கிற மாதிரி.

வெளியே பெஞ்சில் இன்னொரு பையன் தனியாக உட்கார்ந்திருந்தான். பெயர் வெங்கடேசலு, ஆரம்பாக்கத்துக்காரன். என்னையும், என் பின்னால் வந்த ஊர்வலத்தையும் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டான்.

மேனேஜர் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். கோபம் வந்தால்கூட ‘ங்க’ போட்டுத்தான் வரும். தாம்பாளத்தைக் கையில் வாங்கிக்கொண்டவர், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் டைப்ரைட்டர்மேல் வைத்தார். என்னைப் பட்டறைக்கு அனுப்பினார். ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்தார். அதை நாலு பக்கமும் அரத்தால் ராவி, மூலைமட்டம் என்கிற ‘எல்’ வடிவக் கருவியை வைத்தால் இடைவெளி தெரியாதபடி கொண்டுவர வேண்டும். அதுதான் பரீட்சை.

அரத்தை எடுத்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நைனாவின் பரீட்சையும் ஆரம்பமானது.

“எடம் சொந்தங்களா, வாடகைங்களா?”

“சொந்தந்தானுங்க.”

“மொதலாளிங்க அண்ணன் தம்பிங்களா?”

“ஆமாங்க, ரெண்டு பேரு.”

“பாகம் பிரிச்சிட்டாங்களா, ஒண்ணா கீறாங்களா?”

என் அரம் வழுக்கியது. மறுபடி பிடித்தேன். அதற்குள் மாமா லேத் மெஷினை விரலால் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அது என்ன சொன்னதோ, நைனாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அம்மா குழாயடியில் ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்த்து, “உப்பாதான் கீது, பரவால்ல, பழகிடும்,” என்று என் சார்பில் விட்டுக்கொடுத்தார்.

அவமானத்தில் நான் தலையைத் தூக்கவே இல்லை. தூக்காததால் வேலை பிரமாதமாக வந்துவிட்டது. அப்படி ஒரு துண்டை அதற்குப் பிறகு என் வாழ்நாளில் நான் ராவியதில்லை.

மேனேஜர் அதை மூலைமட்டத்தில் வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். இடையில் ஒரு நூல் வெளிச்சம்கூடத் தெரியவில்லை. “சுத்தமான வேலைங்க. பையனைத் திங்கக்கிழமையே வந்து சேந்துக்கச் சொல்லுங்க.”

எனக்கு இருந்த சந்தோஷத்தில் அவர் காலில் விழலாமா என்று யோசித்தேன். மாமா நைனாவைப் பார்த்தார். நைனா அம்மாவைப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“ரொம்ப சந்தோசங்க. எங்களுக்கும் எடம் புடிச்சிகீது. ஊட்ல கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறோம்.”

மேனேஜருக்குப் புரியவில்லை. “யாருங்க, நீங்களா?”

“ஆமாங்க. திருநின்றவூர்ல எங்க அண்ணன் கீறாரு. அவரை ஒரு வார்த்தை கேக்கணும். ஒடனே சரின்னு சொல்லிட்டா நல்லாருக்காது பாருங்க.”

எனக்கும் வாய் இருந்ததே, ‘நான் வருகிறேன் சார்’ என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லவில்லை. பெரியவர்கள் பேசும்போது மாப்பிள்ளை குறுக்கே பேசக் கூடாது என்று நினைத்து, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கட்டை விரலால் கோலம் போடாதது ஒன்றுதான் பாக்கி.

மேனேஜர் என்னை ஒரு தரம், நைனாவை ஒரு தரம் பார்த்தார். “சரிங்க. சொல்லி அனுப்புங்க,” என்றார். பிறகு வாசல் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். “அடுத்த தம்பி, உள்ள வாப்பா!”

பெரியப்பாவைக் கேட்டு, அவர் பஞ்சாங்கத்தைக் கேட்டு, எல்லாரும் சம்மதம் சொல்ல அந்த வாரம் போய்விட்டது. நல்ல நேரம் பார்த்து நானும் நைனாவும் சம்மதம் சொல்லக் கிளம்பினோம். வாட்ச்மேன் இந்தத் தடவை கேட்டைத் திறக்கவில்லை. கம்பி வழியாகவே சொன்னார்: “ஆள் எடுத்தாச்சிங்க. அந்த ஆரம்பாக்கம் பையன் அன்னிக்கே சரின்ட்டான்.”

நைனா என் பக்கம் திரும்பினார். “பேச்சு நடந்துக்கினு இருக்கும்போதே வேற எடத்துல முடிச்சிட்டாங்களே! இன்னா மனுசங்கடா இவங்க?”

ஊரில் கேட்டவர்களிடமெல்லாம், “அந்த எடம் நமக்கு சரிப்பட்டு வரலை,” என்று ஒரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒரு வருஷமும் நான் மாமா கடையில் பஞ்சர் ஒட்டினேன். நைனா கடைப் பக்கம் வந்தால் என் கையிலிருந்த பசையைப் பார்த்துவிட்டு, வந்த வேலையை மறந்து திரும்பிப் போய்விடுவார். எனக்கு வேலை போனதைவிட அதுதான் பேஜாராக இருந்தது.

அப்புறம் அதே கும்மிடிப்பூண்டியில் வேறொரு கம்பெனி. தனியாகப் போனேன். மேனேஜர் “உன் பேரு…” என்று ஆரம்பித்ததுமே “சரிங்க சார்!” என்றேன். ரிட்டயர் ஆகிறவரை அங்கேதான். வெங்கடேசலு அடுத்த தெரு கம்பெனியில்தான் இருந்தான், நல்ல சிநேகிதன் ஆகிவிட்டான். வருஷா வருஷம் பொங்கலுக்கு நைனாவுக்கு வேட்டி வாங்கி வந்து, “எனக்கு வேலை போட்டுக் குடுத்தவரு நீங்கதான்,” என்று காலில் விழுவான். நைனா முகத்தைத் திருப்பிக்கொண்டே ஆசீர்வாதம் பண்ணுவார்.

எனக்குப் பெண் பார்க்க வேப்பம்பட்டு போனோமே, அன்றைக்குத்தான் நைனா பாடம் கற்றுக்கொண்டது தெரிந்தது. செருப்பைக் கழற்றும்போதே, “எங்களுக்குப் பூரண சம்மதம்!” என்றார். உங்கள் அம்மா அப்போது இன்னும் அடுப்படியில்தான் இருந்தாள். அவள் அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு அவசரப்படுகிறார்களே, பையனுக்கு என்ன குறையோ? தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: “ஊட்ல கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறோம்.”

அவர்கள் சொல்லி அனுப்பும்வரை நைனா சரியாகச் சாப்பிடவில்லை.

நேற்று பெரியவளுக்கு வேலைக்கு வரச் சொல்லி போன் வந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டேன். “சரிங்க, வரேன்,” என்று அவளே சொல்லி வைத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில் அடுப்படியை எட்டிப் பார்த்து, “ஒரு காபி கிடைக்குமா?” என்றேன்.

உங்கள் அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறேன்.”