மைனியின் முதுகு பக்கத்துக் கட்டிலில் இருந்தது

நடந்தது இவ்வளவுதான்:

1. மைனிக்குப் பிரசவ வலி வந்தது.
2. இடுப்பை அமுக்கிவிடுவதற்கென்றே பயிற்சி எடுத்திருந்த நான் கூடப் போனேன்.
3. அமுக்கினேன். மிக நன்றாகவே அமுக்கினேன்.
4. அது மைனியின் இடுப்பு அல்ல.

மூன்றாவதை எங்கள் வீட்டில் யாரும் மறுப்பதில்லை. பேச்செல்லாம் நான்காவதைப் பற்றித்தான்.

மைனி என்றால் என் அண்ணன் மனைவி ஜெனிபா. அண்ணன் மஸ்கட்டில் இருந்தான், லீவு கிடைக்கவில்லை. "அவ பயப்படுவா, எனக்குப் பதிலா நீ விட்டுட்டுப் போவாம கூட நில்லு" என்று போனில் கேட்டான். நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். பயத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து ஒத்திகை. கர்ப்பிணிகள் வகுப்புக்கு மைனியோடு போய், வலி ஏறும்போது உள்ளங்கையின் அடிப்பகுதியால் இடுப்பின் கீழ் எலும்பை எப்படி அழுத்துவது என்று கற்றுக்கொண்டேன். வீட்டில் அப்பாவின் முதுகில் பழகினேன். (இரண்டாம் வாரம் அப்பா, "மக்கா, எனக்குப் பிரசவம் ஆயிருமா?" என்று கேட்டார்.)

வலி நேரத்தில் பேச வராது என்று வகுப்பில் சொன்னார்கள். உடனே ஒரு திட்டம் வகுத்தேன். மைனி சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுக்க வேண்டும். விரலைத் தூக்கினால் பலமாக. கையை மடக்கினால் நிறுத்த வேண்டும்.

"ஏட்டி, நான் பிள்ளை பெறப் போறேனா, டிராபிக் போலீஸ் வேலைக்குப் போறேனா?" என்றாள் மைனி.

வலி வந்த அன்று மதியம், பிரசவ வார்டிலிருந்து வெந்நீர் வாங்க வெளியே போய்த் திரும்பினேன். அதற்குள் மின்விசிறி ஓடவில்லை என்று மைனியைக் கட்டில்களுக்கு நடுவே தொங்கிய திரைக்கு அந்தப் பக்கம் மாற்றியிருந்தார்கள். எனக்குத் தெரியாது. மைனியின் பழைய கட்டிலில், ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் கொடுக்கும் அதே பச்சை அங்கியில், சுவரைப் பார்த்தபடி ஒரு முதுகு கிடந்தது. அமுக்கினேன். விரல் உயர்ந்தது! (கட்டில் கம்பியைத் தேடிய கை அது.) பூரித்துப்போய்ப் பலமாக அமுக்கினேன்.

திரைக்கு அப்பால் ஒருத்தி அலறினாள்.

"கேட்டியளா மைனி? பாவம், துணைக்கு ஆளில்ல போல. உங்களுக்கு நான் இருக்கேன்" என்று முதுகிடம் சொன்னேன்.

"ஏட்டி! எனக்க முதுகு இங்கன கிடக்கு. நீ ஆருக்க முதுக அமுக்கிட்டு நிக்க?" என்றது திரை.

முதுகு திரும்பியது. முன்பின் பார்த்திராத முகம். கையை எடுத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்காத மக்கா! நர்சுன்னு நெனச்சேன். ஆராயிருந்தா என்ன, அமுக்கு!"

"அவ எனக்குன்னு வந்த ஆளாக்கும்!" மைனியின் குரல் உடைந்திருந்தது. அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு அப்போதுதான் நெஞ்சில் இடித்தது.

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரையை ஒதுக்கிவிட்டார். இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் நின்றேன். வலது கை அந்த முதுகில். இடது கையால் மைனியின் இடுப்பைத் தேடினேன். அவள் அதைத் தட்டிவிட்டு, விரல்களை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"அமுக்க வேண்டாம். போவாம நின்னா மதி."

என் திட்டத்தில் இல்லாத அந்த ஒன்றைத்தான் கடைசிவரை செய்தேன்.

மைனிக்கு மகள். பக்கத்துக் கட்டிலுக்கு மகன். அவள் முட்டம் கடற்கரைக்காரி, வீட்டு வலையில் நல்ல மீன் பட்டால் "அமுக்குன பிள்ளைக்கு" என்று இன்றும் கொடுத்தனுப்புகிறாள். நடுத்துண்டை மைனி எடுத்துக்கொள்வாள். "எனக்க நோவுல பிடிச்ச மீனாக்கும்."

மைனி இப்போது மறுபடியும் கர்ப்பமாக இருக்கிறாள். துணைக்கு என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். முகத்தைப் பார்த்த பிறகே முதுகைத் தொட வேண்டும் என்பது நிபந்தனை. ஒப்புக்கொண்டிருக்கிறேன்.