ஷாமினியின் கல்யாணக் காரும் நீங்கள் மடித்து வைத்த காகிதமும்

கிள்ளான்,
வியாழக்கிழமை

மரியாதைக்குரிய மைத்துனர் சிவநேசன் அவர்களுக்கு,

அக்காள் கணவர் அய்யாவு எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் அக்காள் தங்கமணி, மகள் ஷாமினி மூவரும் சுகம். உங்கள் சுகத்தை விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. வாட்ஸ்அப்பில் உங்களை பிளாக் செய்துவிட்டதால் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஷாமினிக்குக் கல்யாணம். மண்டபத்துக்கு நம் எண்பத்து நாலாம் வருஷத்துக் காரில்தான் போவேன் என்று அவள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். அந்த நேரம் பார்த்துப் பவர் விண்டோ நாலும் மக்கர் செய்தன. மெக்கானிக்கிடம் கிளம்பியவனைப் போன ஞாயிறு தடுத்தது யார்? "மாமா, இதுக்கெல்லாம் மெக்கானிக்கா? சுவிட்சுக்குக் கீழ கனெக்‌ஷன் லூஸ், அவ்ளோதான் லா. நான் முப்பது வருஷம் டெலிபோன் வயர் புடிச்சவன்" என்றீர்கள். அரை மணி நேரம் குனிந்திருந்தீர்கள், கண்ணாடி நாலும் ஏறி இறங்கின, நானும் வாயெல்லாம் பல்லாக உங்களுக்கு மீன்தலைக் கறி வைக்கச் சொன்னேன். அந்தக் கறியை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

செவ்வாய்க்கிழமை காரைத் துடைக்கும்போது சுவிட்ச் தூக்கிக்கொண்டு நிற்கிறதே என்று நெம்பிப் பார்த்தேன். உள்ளே ஷாமினியின் கல்யாணப் பத்திரிகை! அதில் ஒரு துண்டைக் கிழித்து, எட்டாக மடித்து, லூசான இணைப்புக்கு முட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். எந்தத் துண்டு? 'தாய்மாமன் சிவநேசன்' என்று போட்டிருக்கும் துண்டா? இல்லை. பெண்ணைப் பெற்ற என் பெயர் இருக்கும் துண்டு. முட்டுக் கொடுக்க என் பெயர்தான் கிடைத்ததா? வந்த கோபத்தில் அதைப் பிடுங்கி, சாட்சிக்குச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பிளக்கைக் கட்டைவிரலால் அழுத்தி முறையாகப் பொருத்தினேன். பழைய காராக வாங்கிய நாளிலிருந்து பதினோரு வருஷமாக இந்தக் காரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கிறவன் நான். ஆயுத பூஜைக்கு ஒரு சுவிட்சைக்கூட விடாமல் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பன்னீர் தெளிக்கிறவன். எனக்குத் தெரியாததா?

மறுநாள் தைக்கக் கொடுத்த கல்யாண ரவிக்கையை வாங்க பிரிக்ஃபீல்ட்ஸ் போனோம். டோல் சாவடியில் கண்ணாடி இறங்கவில்லை. கதவைத் திறந்து இறங்கிப் போய்க் கட்டணக் கார்டைத் தட்டினேன், பின்னால் நின்ற லோரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. திரும்பும்போது காற்று வாங்கலாம் என்று உங்கள் அக்காள் கண்ணாடியை இறக்கினாள், அது மட்டும் சொன்னவுடன் இறங்கியது, உடனே மழை பிடித்துக்கொண்டது, ஏற்றினால் ஏறவில்லை, சுவிட்சைக் குத்தினேன், திட்டினேன், என் பக்கத்துக் கண்ணாடியும் சேர்ந்து இறங்கியது. ரவிக்கைப் பையை மடியில் கட்டிக்கொண்டு காருக்குள் குடை பிடித்து உட்கார்ந்திருந்தாள் தங்கமணி. சிக்னலில் நின்ற மோட்டார் சைக்கிள்காரன் எட்டிப் பார்த்து, "அங்கிள், உள்ளயும் மழையா?" என்றான். கிள்ளான் வரும்வரை உங்கள் அக்காள் வாய் திறக்கவில்லை. வந்தபின் திறந்ததை இங்கே எழுத முடியாது.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மண்டபத்துப் பக்கம் வர வேண்டாம். தாய்மாமன் சீர்த்தட்டும் வேண்டாம். பெண்ணைக் கைப்பிடித்து மேடைக்கு அழைத்துவர வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன். நேற்றிலிருந்து ஷாமினி அழுகிறாள், அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு.

உங்கள் மனைவி ரமணிக்கு மட்டும் என் ஆசிகள். ஆண்டவன் உங்கள் வீட்டுக்குச் சகல பாக்கியமும் தரட்டும், ஸ்க்ரூ டிரைவரை மட்டும் தராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்ற
அய்யாவு

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். ஒட்டிய கையோடு மெக்கானிக் கௌஸ் பாயிடம் போயிருந்தேன். சுவிட்சைக் கழற்றிக் காட்டினார். முனையெல்லாம் பச்சைக் களிம்பு பூத்து, இடுக்கில் கல்லாக இறுகிய சந்தனம். "யாரு பாஸ் வருஷா வருஷம் இதுக்குள்ள சந்தனத்த அப்புனது? மொத அவர வண்டிகிட்ட விடாதீங்க" என்றார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சட்டைப்பைக் காகிதத்தைக் காட்டினேன். "இத வச்சவரு கெட்டிக்காரரு லா. முனையில பிடிமானமே இல்ல. புது சுவிட்ச் வர ரெண்டு வாரம் ஆகும், அதுவரைக்கும் இதுதான்" என்றார். ஆனால் நேற்றைய மழையில் அது சட்டைப்பையிலேயே ஊறிக் கூழாகியிருந்தது. வேறு காகிதம் வைத்து அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன், நிற்கவில்லை. சனிக்கிழமை காலையிலேயே வந்துவிடுங்கள். சீர்த்தட்டும் வரட்டும், சிவநேசன் மாமா கையைப் பிடிக்காமல் மேடை ஏற மாட்டேன் என்கிறாள் உங்கள் மருமகள். மீன்தலைக் கறி உண்டு. கடிதத்தை உங்கள் அக்காளே ரயிலில் கொண்டுவருகிறாள், என் காரில் ஏற மாட்டாளாம். புதுப் பத்திரிகை ஒன்று உள்ளே வைத்திருக்கிறேன். என் பெயர் இருக்கும் துண்டையே கிழித்துக்கொள்ளுங்கள்.