அறுபது கிலோ மல்லாட்டை குதித்த கிணறு

அன்று ஒலக்கூர்க் கிணற்றடியில் இருந்தவர்கள்: டியூப் அண்ணன், நான், டியூப் அண்ணனின் சட்டையை மாட்டிக்கொண்டிருந்த ஒரு மூட்டை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. இல்லாதவர்: மல்லாட்டைக்குச் சொந்தக்காரரான அண்ணி. கண்டாச்சிபுரத்தில் காதுகுத்துக்குப் போயிருந்தார்.

திண்டிவனம் பைபாஸில் பஞ்சர் ஒட்டும் டியூப் அண்ணனைப்போல, ஒரே ஒரு சந்தேகத்துக்காக உயிரைவிடத் துணிந்த ஆள் இந்த மாவட்டத்தில் பிறந்ததில்லை. காலில் ரப்பர் கயிறு கட்டிக்கொண்டு பாலத்திலிருந்து குதிக்கும் வீடியோவை யாரோ காட்டிவிட்டார்கள்.

"நடுவுல சிரிக்கிறாங்கோ பாத்தியா? வயிறு மேல ஏறுதாம். அப்போ ஒடம்பு வெயிட்டு எங்கடா போவுது?"

"எங்கயும் போவலணா. விழும்போது தாங்க ஒண்ணும் இல்ல. அதான் வெயிட்டு தெரியல."

"தெரியாத வெயிட்டு என்னா வெயிட்டு? நானே குதிச்சிப் பாத்துர்றேன்."

நான் விழுப்புரத்தில் பி.எஸ்சி. இயற்பியல். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் நுழைந்த முதல் ஆள் என்பதால் ரேஷன் கார்டு முதல் மோட்டார் ரிப்பேர் வரை எல்லாம் என்னிடம்தான் வரும்.

ஒரே வாரத்தில் லாரி டியூபை வாராக வெட்டி, இருபதடிக்குக் கயிறு பின்னிவிட்டார். தண்ணீர் வற்றிய கிணற்றின் குறுக்கே போட்ட இரும்பு உத்திரத்தில் கட்டி மெல்லத் தொங்கிப் பார்த்தார். பத்தடி நீண்டது.

"மொத்தம் முப்பது. கெணறு அம்பது. இருபதடி மிச்சம். காலைல குதிக்கிறேன்."

"தொங்கறது வேற, விழறது வேறணா."

"எவ்ளோ வேற?"

அங்கேதான் மாட்டினேன். மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து மூன்று முறை கணக்குப் போட்டேன். விழுகிற வேகத்தில் கயிறு பத்தடியோடு நிற்காது. முப்பத்திரண்டு அடி நீளும். மூன்று முறையும் மொத்தம் ஐம்பத்திரண்டுதான் வந்தது.

"கெணறே அம்பதுதானடா."

"அதத்தாணா சொல்றேன்."

"நீ அரியர் வச்ச பேப்பராச்சே இது." யோசித்தார். "சரி, எனக்கு முன்னாடி மூட்டை குதிக்கட்டும்."

அவர் எடைக்குச் சரியாக அறுபது கிலோ மல்லாட்டை. கயிற்று முடிச்சில் ஒரு ஸ்பிரிங் தராசு, அதில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட், அதைப் படம்பிடிக்க அண்ணனின் போன். தள்ளினோம்.

அடியில் 'டொம்' என்றது. பிறகு முடிச்சில் கட்டிய தராசு, போனோடு வெறும் கோணியும் சட்டையும் துள்ளிக்கொண்டு மேலே வந்தன. மல்லாட்டை முழுக்கச் சேற்றில்.

விரிசல் விட்ட போனில் வீடியோவை மெதுவாக ஓட்டினோம். தள்ளிய உடனே முள் ஒன்றிலிருந்து பூஜ்யத்துக்கு வந்தது, பாக்கெட் மிதந்தது. அண்ணன் முகத்தில் குழந்தைச் சிரிப்பு. பிறகு கயிறு விறைத்தது. முள் ஒன்று, இரண்டு, மூன்று.

"உப்பு மூணு கிலோ ஆயிருச்சா?"

"தலைகீழாத் தொங்கும்போது உங்க ரத்தமும் அப்படித்தாணா. மூணு மடங்கு கனத்தோட மண்டைக்கு எறங்கும். கண்ணுகூட செவந்துரும்."

அண்ணன் கோணியிலிருந்து சட்டையைக் கழற்றி, உதறி, மெல்ல மாட்டிக்கொண்டார். பிறகு உத்திரத்திலிருந்து கயிற்றை அவிழ்த்தார்.

நேற்று பஸ்ஸை விட்டு இறங்கியதும், "டேய் அம்பத்திரண்டு, டீ குடிச்சிட்டுப் போடா" என்று கடையிலிருந்து கூப்பிட்டார். அந்தக் குரலைக் கேட்க எங்களுக்கு ஆன செலவு, மல்லாட்டை, போன் கண்ணாடி, அண்ணியைச் சமாதானப்படுத்த எடுத்த புடவை எல்லாம் சேர்த்து, ஏழாயிரத்து நானூறு ரூபாய்.