எட்டாம் வகுப்பில் நான் போட்ட அரைப் பேர்

பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று கத்துகிற ஆசிரியர், உண்மையில் உதவி கேட்டுத்தான் கத்துகிறார். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். எழுபதுகளின் நடுவில், இலங்கை மலையகத்தில் ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் எட்டாம் வகுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. (என்னை அவர்களிடம் ஒப்படைத்தார்கள் என்பதே சரி.)

தகரக் கூரை போட்ட ஒரே மண்டபம். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் சுவர் கிடையாது, கரும்பலகைதான். நான் திரும்பி எழுதினால் பின்னால் ஆடு கத்தும். திரும்பிப் பார்த்தால் நாற்பது முகங்களும் கோயிலில் நிற்பதுபோல இருக்கும். நான் தொண்டை கிழியக் கத்துவேன். ஒருநாள் தலைமையாசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒங்க வகுப்புல சத்தம் ஜாஸ்தியா இருக்கு. யாருன்னு கவனிச்சேன். நீங்கதான்."

வேறு காலமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கல்வி அதிகாரி வந்து வகுப்பைப் பார்த்துச் சிபாரிசு செய்தால்தான் ஆகும். பண்டாரவளையில் சில்லறைக் கடை வைத்திருந்த என் தாய்மாமனோ, வேலை நிரந்தரமானால்தான் தன் மகள் சரோஜாவைத் தருவேன் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். ஆகவே சரோஜாவுக்கும் எனக்கும் நடுவில் அந்த நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஆடு மாதிரிக் கத்திக்கொண்டு.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. காலையில் பாடசாலைக்கு ஏறும் வழியில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம். தப்பு அடிக்கிற சத்தம் கேட்டுத் தோட்டத்துச் சனம் முழுக்க அங்கே வந்து வரிசையில் நிற்கும். எதிரே கணக்கப்பிள்ளை ஒரு பென்சிலோடு நிற்பார். அவ்வளவு சனமும் அந்தப் பென்சிலுக்கு அடங்கி நிற்பதைப் பார்த்தேன். முழு நாள் வேலைக்கு முழுப் பேர் விழும். பிந்தி வந்தாலோ கொழுந்து குறைந்தாலோ அரைப் பேர், அதாவது பாதி நாள் சம்பளம். இவ்வளவு எளிய வழி இருக்கும்போது நான் ஏன் தொண்டையைக் கெடுத்துக்கொள்கிறேன் என்று தோன்றியது.

மறுநாளே வகுப்பில் பெரட்டு வைத்தேன். ஆடாகக் கத்துகிறவன் செல்லையா என்று எனக்குத் தெரியும். அவனையே கங்காணி ஆக்கினேன். வீட்டுப் பாடம் முடித்தவனுக்கு முழுப் பேர். பிந்தி வந்தவனுக்கும் பேசியவனுக்கும் அரைப் பேர். பாடசாலையில் பகலில் ஆளுக்கொரு பிஸ்கட் கொடுப்பார்கள், பெரிய சதுர பிஸ்கட். அரைப் பேர்க்காரருக்கு அதில் பாதி. உடைத்துக் கொடுப்பது கங்காணியின் வேலை.

வகுப்பு அடங்கிவிட்டது. ஈ பறப்பது கேட்டது. தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்கு ஏதும் காய்ச்சலா என்று விசாரித்தார். நான் அடக்கமாகச் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னை அறையத் தோன்றும்.) உடைத்த பிஸ்கட்டின் மற்றப் பாதி எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை. செல்லையாவின் கன்னம் மட்டும் மெல்ல உருண்டு வந்தது.

மாவும் அரிசியும் கிடைக்காத காலம் அது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பல வீடுகளில் மரவள்ளிக்கிழங்கும் வெறுந் தேத்தண்ணியும்தான். அந்த பிஸ்கட்டுக்காகவே பாடசாலைக்கு வந்த பிள்ளைகள் இருந்தார்கள். இது எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. நானும் லயத்தில் பிறந்தவன்தான்.

ஒருநாள் ராசம்மா என்ற பிள்ளை பிந்தி வந்தாள். தம்பியை, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, மழையில் நனைந்து வந்திருந்தாள். அரைப் பேர் என்றேன்.

"மழையில கொழுந்து இல்லன்னு அம்மாவுக்கு நேத்து அரைப் பேரு சார். இன்னைக்கு எனக்குமா?"

சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று சொன்னேன். அவள் பாதி பிஸ்கட்டை வாங்கிப் பாவாடையில் முடிந்துகொண்டாள். தின்னவில்லை.

மறுநாள் காலையில் வகுப்பில் ஒருவரும் இல்லை. எல்லோரும் வெளியே சவுக்கு மரத்தடியில் வரிசை வரிசையாகக் குந்தியிருந்தார்கள். புத்தகங்கள் ஒரு பக்கம் அடுக்கியிருந்தன, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த மாதிரி. ஒருவரும் பேசவில்லை. ராசம்மா முன்வரிசையில் இருந்தாள். அவளுடைய அப்பா தோட்டத்துச் சங்கத் தலைவர் என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. கங்காணி செல்லையா எந்தப் பக்கம் உட்காருவதென்று தெரியாமல் நடுவில் நின்றான்.

உள்ளே வரச் சொல்லிக் கெஞ்ச வாயைத் திறந்தேன். வாசலில் குடையை மடக்கிக்கொண்டு கல்வி அதிகாரி நின்றார்.

சரோஜாவின் முகம் ஒருமுறை கண்ணில் வந்து போனது.

அதிகாரி பிள்ளைகளைப் பார்த்தார். இவ்வளவு ஒழுங்கான வகுப்பை இந்த மலையில் பார்த்ததில்லை என்றார். மரத்தடி வகுப்பு நல்ல முறைதான், என்ன பாடம் என்று கேட்டார். ராசம்மா எழுந்தாள். என்னை ஒருதரம் பார்த்தாள்.

"சமூகக் கல்வி சார். வேல நிறுத்தம். சார் செஞ்சு காட்டச் சொன்னாரு."

அதிகாரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கோரிக்கை என்ன என்று கேட்டார்.

"அரைப் பேரு எடுக்கணும். எல்லாருக்கும் முழு பிஸ்கட் குடுக்கணும். கங்காணிய மாத்தணும்."

"சரி, தோட்டத் துரை யாரு?"

நாற்பது கைகள் என்னை நோக்கி நீண்டன. செல்லையாவின் கையும் அதில் இருந்தது.

"துரை என்ன சொல்றீங்க?"

எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொள்கிறேன் என்றேன். அதிகாரி தலையை ஆட்டினார். பாடம் பிரமாதம் என்றும், ஆனால் எந்தத் துரையும் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்ள மாட்டான், என் நடிப்பு மட்டும் போதாது என்றும் சொல்லிவிட்டு, சிபாரிசு எழுதப் போனார்.

அன்று பகல் நானே பிஸ்கட் கொடுத்தேன். ராசம்மாவின் முறை வந்தபோது, என்னை ஏன் காட்டிக் கொடுக்கவில்லை என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஒங்களுக்கும் பேரு விழணும்ல சார்" என்றாள், பெரிய மனுஷி மாதிரி.

எனக்கு என் அம்மாவின் ஞாபகம் வந்தது. அரைப் பேர் விழுந்த நாட்களில் அவள், தனக்குப் பசியில்லை என்று சொல்லி ரொட்டியை என் பக்கம் தள்ளுவாள். அதற்குப் பிறகு நான் வகுப்பில் கத்தவில்லை. ஆடு எப்போதாவது கத்தியது. கத்தட்டும் என்று விட்டேன்.

வேலை நிரந்தரமானது, கல்யாணமும் ஆனது. கல்யாணத்துக்கு முழு வகுப்பும் பண்டாரவளைக்கு ரயிலேறி வந்தது. பெண்ணுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்த ராசம்மா, தாலி ஏறிய கையோடு எல்லாக் கதையையும் சரோஜாவின் காதில் போட்டுவிட்டாள்.

அன்று ஆரம்பித்தது, இன்றும் தீரவில்லை. நான் கடைக்குப் போய்ப் பிந்தி வந்தால், தேங்காயை மறந்தால், தேத்தண்ணியோடு என் தட்டில் பாதி பிஸ்கட்தான் வரும். "இன்னைக்கு ஒங்களுக்கு அரைப் பேருதான்" என்பாள் சரோஜா. வந்த விருந்தாளி விழிப்பார். அவருக்கு முழுக் கதையும் சொல்லப்படும்.

மற்றப் பாதி எங்கே என்று நான் கேட்பதில்லை. பேத்தியின் கன்னத்தைப் பார்த்தாலே தெரியும், எங்கள் வீட்டில் இப்போது யார் கங்காணி என்று.