பொன்னாடைக் கண்காணிப்பாளர்

ஆக்லாந்தில் நாலு தமிழ் நிகழ்ச்சிக்குப் போனவரா நீங்கள்? அப்படியானால் இந்த இனத்தைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். முன்வரிசையில், தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில், ஜரிகை பளபளக்கும் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையில் தேநீரும் மறு கையில் பாதி கடித்த வடையுமாக அமர்ந்திருப்பார். விருந்தாளி என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. அவர் அங்கே சோதனை போட வந்தவர். பெயர் பொன்னாடைக் கண்காணிப்பாளர். கோயில் நிருவாகம், ஊர்ச் சங்கம், கிரிக்கெட் கழகம் என்று எங்கே விட்டாலும் முளைக்கும் இனம்தான். ஆனால் அது கொழுகொழுவென்று வளரவேண்டுமானால் அரசாங்கப் பணமும் பிள்ளைகளும் ஒரே இடத்தில் இருக்கவேண்டும். அந்த இடமும் இப்போது கிடைத்துவிட்டது. அதற்குச் சார்ட்டர் பள்ளி என்று பெயர்.

சார்ட்டர் பள்ளி என்றால் சங்கதி இதுதான். அரசு பணம் தரும். பாடத்தையும் நேரத்தையும் பள்ளியே தன் இஷ்டப்படி வகுத்துக்கொள்ளலாம். பதிலுக்குப் பிள்ளைகள் தேறிக் காட்டவேண்டும். தேறுகிறார்களா என்று பார்க்க ஆள் வேண்டாமா? ஒனிஹங்காவில், பழைய தளபாடக் கடையொன்றைத் திருத்தி அமைத்த அறிவுச்சுடர் சார்ட்டர் பள்ளி அதற்கென்று தன் சொந்தச் செலவில் ஒரு கண்காணிப்புக் குழுவையே வைத்திருந்தது. அதன் தலைவர் நம் திருநாவுக்கரசு.

ஹில்ஸ்பரோவில் வீடு, விரியில் வேலை, ஒனிஹங்காவில் கௌரவம் என்று வாழ்கிற மனிதர் அவர். விரி என்ற தொழிற்பேட்டைப் பகுதியில் ஒரு பெரிய குளிர்க்கிடங்கில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. அங்கே அவரைக் கண்டால் ஃபோர்க்லிஃப்ட்கள் தாமாகவே நின்றுவிடும் என்பார்கள். உறைந்த இறால் கொள்கலன் வந்து இறங்கினால் சான்றிதழ், முத்திரை, லேபிள் எதையும் அவர் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் யசீகரன் மேல் வரிசையிலிருந்து ஒரு பெட்டியை இறக்கப் போனால், "அதை விடும். எனக்கு அடியில கிடக்கிறதை எடும்," என்பார். எடுத்து வைத்தால், "லேபிளை எனக்குக் காட்டாதையும். பெட்டியைத் திறவும்." ஒரு பெட்டியில் ஒரு இறால் நிறம் மாறியிருந்தாலும் கொள்கலன் முழுவதும் வந்த வழியே திரும்பிப் போகும். அப்பேர்ப்பட்ட மனிதர்.

அதே மனிதர் ஒனிஹங்காவில் காரை விட்டு இறங்கும்போது பாருங்கள். வாசலில் குத்துவிளக்கு. இரண்டு பக்கமும் பிள்ளைகள் வரிசை. சமோவாப் பிள்ளைகள் ஆடி வரவேற்க, தமிழ்ப் பிள்ளைகள் பூத்தூவ, பள்ளியை நடத்தும் வரதராஜன் மதுரையிலிருந்து வரவழைத்த பொன்னாடையோடு நிற்பார். சோதனைக்கு வந்தவருக்கு மாலை மரியாதையா என்று கேட்டால் நீங்கள் நம் பண்பாடு தெரியாதவர். வீடு தேடி வந்தவரை வெறுங்கையோடு நிறுத்தலாமா? பொன்னாடை தோளில் ஏறியதும் அதற்கு முன்னால் என்ன கேட்க நினைத்தோம் என்பது மறந்துபோகும். போர்த்தியவரிடமே போய், "பிள்ளையள் வாசிக்கினமோ?" என்று கேட்பது எப்படி? உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வதாகாதா?

பிறகு சபை கூடும். பள்ளியின் சாதனைகளை வரதராஜன் திரையில் போட்டுக் காட்டுவார். வரவு நன்றாயிருக்கிறது, சீருடை நன்றாயிருக்கிறது, பெற்றோர் மனமும் நன்றாயிருக்கிறது. வாசிப்பும் கணக்கும் எந்தப் பக்கத்தில் வந்தன என்று தெரிவதற்குள் வடை வந்துவிடும். நிறைவாக ஒரு பிள்ளை மேடையேறி வாசித்துக் காட்டும். போன தடவை ஏறியது திருநாவுக்கரசின் சொந்த மகள் பிரணவி. எட்டு வயது. மனுகாவ் துறைமுகத்துக்கு வெளியே திரியும் சின்ன டால்பின்களைப் பற்றிய ஆங்கிலப் பக்கத்தை ஏற்ற இறக்கத்தோடு, ஒரு சொல் தடுக்காமல் வாசித்தாள். தகப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அந்த ஒரு சோற்றைப் பொறுக்கிக் கையில் கொடுத்தவர் சமைத்தவரே என்பது அவருக்கு உறைக்கவில்லை.

அன்று படியிறங்கும்போது பிரணவியின் வகுப்பாசிரியை லக்ஷிகா அவரை மறித்தாள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, எதையும் நேராகக் கேட்பவள்.

"அங்கிள், ஒருநாளைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் என்ர வகுப்புக்கு வாங்கோவன். புத்தகத்தை நீங்களே எடுத்து, நீங்களே ஒரு பக்கத்தைத் திறந்து குடுங்கோ."

"பிள்ளை, அது நிருவாகம். நான் மேற்பார்வை. ரெண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது."

இதைவிட அழகாக ஒரு பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியுமா? இந்த இனத்தின் வாயில் இப்படி நாலு வாக்கியங்கள் எப்போதும் தயாராக இருக்கும். 'குறை எண்டு சொல்லுறதுக்கில்லை' என்பது ஒன்று. 'முன்னேற்றம் தெரியுது' என்பது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேலானது, 'மொத்தத்தில நல்லாப் போகுது'. எது போகிறது, எங்கே போகிறது என்று கேட்கக்கூடாது.

இப்படியிருக்கும்போதுதான் வரதராஜனுக்கு விரியில் இரண்டாவது பள்ளி திறக்கும் யோசனை வந்தது. அதற்கு விண்ணப்பம் போகவேண்டுமானால், முதல் பள்ளியின் கல்வித்தரம் திருப்தி என்று கண்காணிப்புக் குழு சொல்லவேண்டும்.

"அங்க பேரன்ட்ஸ் எல்லாம் லைன் கட்டி நிக்கிறாங்க சார். ரிசல்ட்டுன்னு ஒண்ணு வர மூணு வருஷம் ஆகும். அதுவரைக்கும் பஸ் நிக்குமா?" என்றார் வரதராஜன்.

"நிக்காதுதான்."

"அப்போ ஏறிடலாம். திறப்பு விழாவுல விளக்கு ஏத்துறது நீங்கதான்."

ஒன்றாவது பள்ளியில் பிள்ளைகள் படித்தார்களா என்று தெரிவதற்குள் இரண்டாவது பள்ளி வந்துவிட வேண்டும். இரண்டாவதில் தெரிவதற்குள் மூன்றாவது. விரிவாக்கம் என்றால் பின்னே என்ன?

வீட்டில் மட்டும் ஒரு இடைஞ்சல் இருந்தது. மனைவி சோபனா. "பிள்ளை வீட்டில ஒரு புத்தகத்தைத் தொடுறாள் இல்லை. வாசிக்கத் தெரியுமோ எண்டு எனக்கு ஐமிச்சமாக் கிடக்கு," என்றாள்.

"சபையில வாசிச்சதை நீர் பாக்கேல்லை. அதுதான் இப்பிடிக் கதைக்கிறீர்."

"அப்ப இந்தாங்கோ. நீங்கள்தானே கண்காணிப்பு." பள்ளிப் புத்தகத்தை அவர் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மகளைக் கூப்பிட்டார். அவள் வந்தாள், டால்பின் பக்கத்தைத் திறந்தாள், ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள். சோபனா காதில் விழட்டும் என்று அவர் "வெரி குட்" என்று சத்தமாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே, வேலைத்தலத்துப் பழக்கதோஷத்தில், கை பக்கத்தைத் திருப்பிவிட்டது. அங்கே ஒரு எரிமலைப் படமும் நாலு வரியும் இருந்தன.

பிரணவி புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அப்பா, தட்ஸ் நாட் மை பேஜ்."

"அப்ப இது ஆரின்ர பேஜ்?"

"ஆதவன்ஸ்."

"ஆதவன் டால்பின் பேஜ் வாசிப்பானோ?"

"நோ அப்பா. எவ்ரிபடி ஹாஸ் ஒன் பேஜ். ஃபார் த விசிட்டர்ஸ்." விஷயம் தெரியாத பெரிய மனிதருக்குப் பள்ளி ஒழுங்கைப் பொறுமையாக விளக்கும் குரலில் சொன்னாள்.

எரிமலைக்குக் கீழேயிருந்த முதல் சொல்லில் அவர் விரலை வைத்தார். மூன்றே எழுத்துச் சொல். அவள் படத்தைப் பார்த்து ஏதோ ஊகித்துச் சொன்னாள். அது தவறு. அடுத்ததும் தவறு. பிறகு டால்பின் பக்கத்துக்கே திருப்பப் பார்த்தாள். திருநாவுக்கரசுக்கு விளங்கிவிட்டது. எட்டு வயதுப் பிள்ளை, தன்னுடைய பிள்ளை, வாசிக்கத் தெரியாமல் தன் கண் முன்னாலேயே மேடையில் நின்றிருக்கிறாள். தான் அதற்குக் கை தட்டியிருக்கிறார்.

விரியில் இது இறாலாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று உங்களுக்குத் தெரியும். கொள்கலன் முழுவதும் திரும்பியிருக்கும். இங்கேயும் திருப்பினார். ஒரே ஒரு பெட்டியை. அந்த வாரமே பிரணவி ஹில்ஸ்பரோவுக்குக் கிட்டவுள்ள அரசுப் பள்ளிக்கு மாறினாள். அங்கே ஒரு ஆசிரியை அவளை எழுத்தின் ஒலியிலிருந்து தொடங்கவைத்தார்.

மிச்சப் பெட்டிகள்? குழுக் கூட்டத்தில் வாயைத் திறக்கத்தான் நினைத்தார். திறந்தால் அடுத்த கேள்வி என்னவாயிருக்கும்? இவ்வளவு நாளும் வந்து வந்து நீங்கள் எதைப் பார்த்தீர்கள் என்றுதானே? அலுமாரியில் அடுக்கிக் கிடக்கும் பொன்னாடைகளைக் கொண்டுபோய் அதற்குப் பதிலாகக் காட்ட முடியுமா? ஆகவே தொண்டையைச் செருமிக்கொண்டு, "மொத்தத்தில நல்லாப் போகுது," என்றார். விண்ணப்பம் போயிற்று.

வெளியே வந்தபோது லக்ஷிகா நின்றாள்.

"பிரணவியை எடுத்திட்டீங்கள் என்ன, அங்கிள்?"

"ஓம் பிள்ளை. வீட்டுக்குக் கிட்ட எண்டு."

"மற்றப் பிள்ளையளின்ர வீடு எங்க இருக்கெண்டு கேட்டீங்களோ?"

அவர் கார்ச் சாவியைத் தேடினார். அது கையில்தான் இருந்தது.

விரிப் பள்ளி திறந்தது. திருநாவுக்கரசின் குளிர்க்கிடங்குக்கு இரண்டு தெரு தள்ளி. வகுப்புகள் தொடங்கிச் சில வாரம் கழித்து நடந்த திறப்பு விழாவில் அவர்தான் விளக்கேற்றினார். பொன்னாடை இந்த முறை காஞ்சிபுரத்திலிருந்து வந்திருந்தது. நிறைவாக, இரட்டைப் பின்னலோடு ஒரு சிறுமி புத்தகத்தோடு மேடையேறினாள். மண்டபத்தின் ஓரத்திலிருந்து ஒருவர் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டே முன்னால் வந்தார். கிடங்கு உடுப்பைக்கூட மாற்றாமல் வந்திருந்த யசீகரன்.

"அண்ணை, என்ர மகள். கண்காணிப்பில நீங்கள் இருக்கிறியள் எண்டுதான் கண்ணை மூடிக்கொண்டு இஞ்ச சேர்த்தனான்."

சிறுமி வாசிக்கத் தொடங்கினாள். மனுகாவ் துறைமுகத்துக்கு வெளியே, சின்ன டால்பின்கள். அதே ஏற்றம், அதே இறக்கம். பிரணவி காலி செய்துவிட்டுப் போன பக்கத்தை வீணாக்காமல் புதிய ஆளுக்குக் கொடுத்திருந்தார்கள். வாசித்து முடித்ததும் புத்தகத்தைக் கொண்டுவந்து அவர் கையிலேயே தந்தாள். டால்பின் பக்கம் விரிந்தபடி இருந்தது. அடுத்த பக்கத்தில் எரிமலை. திருப்ப ஒரு விரல் போதும்.

"எப்பிடி அண்ணை வாசிக்கிறாள்?" என்றார் யசீகரன், கைபேசியை இறக்காமலே.

திருநாவுக்கரசு புத்தகத்தை மூடினார். "மொத்தத்தில நல்லாப் போகுது," என்றார். சபை கை தட்டியது.

என்ன மனிதர் என்று இவ்வளவு நேரமும் தலையை ஆட்டிக்கொண்டு வாசித்த அன்பரே, நீங்களும் ஏதோ ஒரு சங்கத்தில், ஏதோ ஒரு குழுவில், ஏதோ ஒரு மேற்பார்வையில் இருக்கிறீர்கள்தானே? ஒரு நிமிடம் எழுந்துபோய் உங்கள் அலுமாரியைத் திறந்து பாருங்கள். மேல்தட்டில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், மடிப்புக் கலையாமல் ஒரு சால்வை இருக்கிறதா? அது எந்தப் பக்கத்தைத் திருப்பாமல் விட்டதற்காக உங்களுக்குக் கிடைத்தது?