இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

இன அநீதியைப் பற்றிய இரண்டு நாவல்களை எடுத்து, அவற்றிலுள்ள மோதலையும் குறியீட்டையும் ஒப்பிட்டு, எல்லாக் கிளை நூலகங்களும் மாத முடிவுக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. சிறந்த அறிக்கைக்குப் பரிசும் உண்டு. எங்கள் கிளையில் அந்தப் பொறுப்பு துணை நூலகரான என் தலையில் விழுந்தது. விழுந்தது என்பது அடக்கத்துக்காகச் சொல்வது. நானேதான் தலையை நீட்டினேன்.

முதல் நாவலில் ஒரு கறுப்பினத் தையல்காரர் நகரசபைக்கு மனுக் கொடுக்கிறார். கடைசிவரை அதை யாரும் படிப்பதில்லை. இரண்டாவதில் கறுப்பினக் குழந்தைகள் நுழையக்கூடாதென்று பூட்டிவைத்த ஒரு பூங்கா. நான் உணர்ச்சிவசப்பட்டுப் படிக்கிறவன். தையல்காரர் எட்டாவது முறையாகப் படியேறும் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் தேம்பித் தேம்பி அழுதேன். இப்படி அழத் தெரிந்தவன் நம் நூலகத்தில் வேறு யார் என்று நடுவில் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

கடைசி நாள் தலைமை நூலகரின் அறையில் அறிக்கையை முடிக்க உட்கார்ந்தோம்.

"மோதல் எத்தனை?" என்றார் அவர்.

"முதல் நாவல்ல ஏழு, ரெண்டாவதுல நாலு சார்."

"சரிசமமா ஆக்குங்க. பாரபட்சம் பத்தின அறிக்கையிலயே பாரபட்சம் இருந்தா நல்லாவா இருக்கும்?"

ஒரு கொலையையும் இரண்டு அவமானங்களையும் 'கருத்து வேறுபாடு' என்று திருத்தி நாலாக்கினேன். பூங்காவின் பூட்டு குறியீடா, வெறும் பூட்டா என்பதில் ஒரு மணி நேரம் போனது.

அப்போது பின்னறை ஊழியர் வந்து வாசலில் நின்றார். கறுப்பினப் பெண்மணி, பதினோரு வருடமாகப் பின்னறையில் புத்தகம் அடுக்குகிறவர். முன்மேசை வேலை காலியானதும் அதைக் கேட்டு என்னிடம் மனுக் கொடுத்திருந்தார்.

"சார், என் மனு மேல போச்சா? இன்னிக்கு அஞ்சு மணியோட கெடு முடியுது."

"இன அநீதி பத்தி அவசர வேலை ஓடிட்டிருக்கும்மா. கொஞ்சம் பொறுங்க. அந்தத் தையல்காரரோட மனு எதோட குறியீடுன்னே பிடிபட மாட்டேங்குது."

"நானும் படிச்சேன் சார். அது குறியீடெல்லாம் இல்ல. மனுதான்."

தலைமை நூலகர் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொன்னார். நாவலை விரித்தேன். அடையாளத்துக்கு நான் வைத்திருந்த தாள் மேசைமேல் விழுந்தது. பின்னறை ஊழியரின் மனு. என் கண்ணீர் பட்டு அவர் கையெழுத்து கரைந்துபோயிருந்தது.

தலைமை நூலகர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கையெழுத்து தெளிவா இல்லையே. விதிப்படி ஏத்துக்க முடியாது."

"இப்பவே இன்னொண்ணு எழுதித் தரேன் சார்."

"அஞ்சு மணி தாண்டி அஞ்சு நிமிஷம் ஆச்சே" என்றார் தலைமை நூலகர்.

எங்கள் அறிக்கைக்கு முதல் பரிசு கிடைத்தது. முன்மேசைக்குத் தலைமை நூலகரின் மைத்துனர் வந்தார். புத்தகத் தூசி ஒத்துக்கொள்ளாமல் ஒரே வருடத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். இந்த வருடம் மூன்று நாவல்களை ஒப்பிடச் சொல்லிச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. அது வந்த அன்றே பின்னறை ஊழியர் புது மனுவைக் கொண்டுவந்து நீட்டினார். தாள் விறைப்பாக, பளபளவென்று இருந்தது.

"என்னம்மா இது?"

"லேமினேட் பண்ணிட்டேன் சார். இந்தத் தடவை நீங்க தாராளமா அழலாம்."