விருந்தாளிப் பயிர்

டெல்டாக்காரரிடம் எதை வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லலாம். தண்ணீரை மட்டும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்து, பள்ளியில் அறிவியல் வேறு நடத்திக்கொண்டிருந்த எனக்கு இது தெரியாமல் போனதை நினைத்தால் இன்றைக்கும் பகீரென்கிறது.

அந்த வருஷம் மேட்டூர் அணை கைவிரித்துவிட்டது. மழையும் பெயருக்குத் தூறிவிட்டுப் போனது. போர்வெல் வைத்திருந்தவர்கள் எப்படியோ சம்பா நட்டுவிட்டார்கள். எங்களிடம் அது இல்லை, வயல் வெறுமனே கிடந்தது. சென்னையிலிருந்து கொழுந்தனார் சேகர் போன் செய்தார்.

"அண்ணி, பொங்கலுக்கு வரப்போ மனை போடுற பார்ட்டி ஒருத்தரைக் கூட்டிட்டு வரேன். சும்மா கிடக்கிற நிலத்தை வச்சிக்கிட்டு என்ன பண்ணப் போறோம்?"

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமா (என் மாமனார்) பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு எழுந்து போனார். எனக்குப் பொறுக்கவில்லை. "தண்ணியே இல்லாம அதுல வெள்ளாமை எடுத்துக் காட்டுறேன். பயிர் நல்லா இருந்தா நிலத்தை விக்கிற பேச்சையே எடுக்கக் கூடாது" என்று போனிலேயே சவால் விட்டேன். (யாராவது கேட்டார்களா?) சேகரும் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

வறண்ட ஊர்களில் கோதுமை விவசாயிகள் மாறிவரும் பருவத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று வீடியோ வீடியோவாகப் பார்த்திருந்தேன். வறட்சி தாங்கும் குறுகிய கால விதை, வெயில் ஏறுவதற்குள் கதிர் முற்றும்படி விதைப்பு, ஈரம் காயாமல் மண்ணுக்கு மேல் வைக்கோல் மூடாக்கு. எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. வடக்கே ரயில்வேயில் இருக்கும் சித்தப்பா பையன் மூலமாக விதையும் வந்து சேர்ந்தது. தஞ்சாவூர்ச் சீமையில் கோதுமையா என்று வாயைப் பிளந்த ஊர், நான் வயலில் வைக்கோல் பரப்பியதும், "மாடு எங்க டீச்சர்?" என்று கேட்டுவிட்டுப் போனது.

ஆனால் முளைத்தது. மார்கழிப் பனியைக் குடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து, கதிரும் தலைகாட்டிவிட்டது! மாமா தினமும் காலையில் காபி டம்ளரோடு வரப்பில் போய் நின்றார். நான் பள்ளிக்கூடத்தில் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

பொங்கல் சாமான் வாங்க அம்மா வீட்டுக்குக் கிளம்பிய அன்று ஒரு சேதி வந்தது. கருகும் சம்பாவைக் காப்பாற்ற ஆற்றில் தண்ணீர் விடுகிறார்களாம். கிளம்பும்போது மாமாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

"மாமா, வாய்க்கால்ல தண்ணி வந்தாலும் நம்ம வயலுக்கு வேண்டாம். இருக்கிற ஈரமே போதும்."

"சரிம்மா, சரிம்மா. நீ நிம்மதியா போய்ட்டு வா."

நாலைந்து நாள் கழித்து, போகியன்று திரும்பி வந்தேன். பையைக்கூட இறக்கி வைக்காமல் வயலுக்கு ஓடினேன். அங்கே வயலைக் காணோம். ஒரு குளம் இருந்தது. குளத்துக்குள் என் கோதுமை மஞ்சள் பூத்து, பாதி சாய்ந்து கிடந்தது. மிதந்த வைக்கோல் மேல் ஒரு கொக்கு உட்கார்ந்திருந்தது.

வரப்பில் மாமா பூரிப்போடு நின்றுகொண்டிருந்தார். "பாத்தியாம்மா? மடையத் தொறந்து நெறைய வச்சிட்டேன்!"

"வேண்டாம்னு சொன்னேனே மாமா!"

"நீ கூச்சத்துல சொல்லுவே. போதும்னா விட்டுட முடியுமா? எலையில உக்காந்தவங்க போதும்னுதான் சொல்லுவாங்க, நாமதான் இன்னொரு கரண்டி போடணும். அதுவும் வெளியூர்லேருந்து வந்த பயிரு. சுத்தி எல்லா வயலும் குடிக்கிறப்போ அது மட்டும் காஞ்சி நின்னா ஊர்ல என்ன பேசுவாங்க?"

வேரில் தண்ணீர் நின்றால் கோதுமை செத்துப்போகும் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். மாமாவின் முகம் செத்துவிட்டது. "நானாம்மா கெடுத்தேன்?" என்று வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. வடித்துவிடலாம் என்றால் சுற்றிலும் எல்லா வயலிலும் தண்ணீர் நிறைந்து நின்றது. அந்தப் பொங்கல் எங்கள் வீட்டில் பொங்கியதா என்றே எனக்கு நினைவில்லை.

காணும் பொங்கலன்று சேகரும் பார்ட்டியும் நிலம் காண வந்தார்கள். பார்ட்டிக்கு வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு. சேகர் பயிரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாவப்பட்டு வரப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நான் தோற்றுவிட்டேன், நிலம் போய்விட்டது என்று மனசுக்குள் கும்பிடு போட்டுவிட்டேன்.

பார்ட்டிதான் முதலில் வாயைத் திறந்தார். "என்னங்கய்யா, இங்க பெரிய மழையா?"

"மழையா? அது எங்க பேஞ்சுது?" என்றார் மாமா.

"அப்புறம் இவ்ளோ தண்ணி?"

"போகிக்கு முன்னாடி வாய்க்கால்லேருந்து பாய்ச்சினதுங்க."

"இன்னுமா வடியல?"

மாமா அதுவரை சுரத்தில்லாமல்தான் நின்றார். மண்ணைப் பற்றிய கேள்வி வந்ததும் மனிதர் நிமிர்ந்துவிட்டார். "எப்புடி வடியும்? நம்ம மண்ணு களிமண்ணு. குடிச்சா விடவே விடாது! ஊருக்கே இதுதான் பள்ளம். ஒரு புயல்ல பாருங்க, இந்தா, இங்க நின்னுச்சு தண்ணி!" என்று தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். நெல் போடுகிறவருக்கு நிலத்தைப் பற்றி இதைவிட உயர்வாகச் சொல்லத் தெரியாது.

பார்ட்டி பதறிப்போய் ஓர் அடி பின்னால் வைத்தார். ஒரு வெள்ளைச் செருப்பு சேற்றுக்குள் போனது, திரும்பி வரவில்லை. "சேகர் சார், இதுல மண்ணு அடிச்சி மேடு பண்றதுக்கு நான் கடல்லயே மனை போட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டு, ஒற்றைச் செருப்போடு காருக்கு நடந்தார். சேகர் ஆடிப்போய் நின்றார். நானும்தான். விஷயம் புரியாத மாமா, "மோர் குடிச்சிட்டுப் போகலாமே" என்று அவர் பின்னாலேயே ஓடினார்.

பள்ளம் என்ற பேர் பரவிவிட்டதால், அதற்குப் பின் வந்த எந்தப் பார்ட்டியும் வரப்பைத் தாண்டவில்லை. நிலம் இன்றைக்கும் எங்களுடையதுதான். ஆற்றில் தண்ணீர் வந்தால் சம்பா போடுகிறோம், வராத வருஷம் உளுந்து தெளிக்கிறோம். இப்போதெல்லாம் சேகர் விற்கிற பேச்சை எடுப்பதே இல்லை. ஆனால் ஒவ்வொரு பொங்கலுக்கும் போன் செய்து, வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்பார்:

"அண்ணி, இந்த வருஷம் எதை முழுகடிக்கப் போறீங்க?"